ஜோர்ஜியன் குடாவில் நான்கு நாள் கயாக் பயணம்: முதல்முறை போகிறவர்களுக்கு

முதல்முறை போனபோது மச்சானும் நானும் ஒரு வெளித்தீவில் இரண்டு பகல் கூடுதலாகக் கிடந்தோம். மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்தது. கூடாரத்துக்கு முன்னால் இருந்த பாறையில் அலை மோதி, தேநீர் வைத்த அடுப்பு வரைக்கும் தெறித்தது. வாடகைக் கயாக்கை (துடுப்பு வலித்து ஓட்டும் ஒடுங்கிய சிறு படகு) திருப்பிக் கொடுக்க வேண்டிய நாள் கடந்தது. திங்கட்கிழமை இருவரும் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் இருந்தவர்கள் யாரிடம் விசாரிப்பது என்று தெரியாமல் தவித்தார்கள். இதில் ஒன்றுகூட நடந்திருக்கத் தேவையில்லை. பிழைவிட்டது தண்ணீரில் அல்ல, ஐந்து மாதத்துக்கு முன்பே கணினிக்கு முன்னால் இருந்து இடம் பதிந்தபோதுதான். பிறகு மூன்று தடவை போய்வந்துவிட்டேன். எங்களுக்கு யாராவது முன்கூட்டிச் சொல்லியிருக்கலாமே என்று நினைத்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

இடம் கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில், ஜோர்ஜியன் குடாக் கரையில் உள்ள மசசோகா மாகாணப் பூங்கா. ரொறன்ரோவில் இருந்து 400 ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே, பாரி சவுண்ட் ஊருக்குத் தெற்கே இருக்கிறது. இரண்டரை மணி நேர ஓட்டம். கூடாரம் போடும் இடங்களுக்கு வண்டியில் போக முடியாது, தண்ணீர் வழியாகத்தான் போக வேண்டும். தீவுகளும் குறுகிய நீர்வழிகளும் நிறைய இருப்பதால் காற்றுக்கு ஒதுங்க மறைவு கிடைக்கும். புதியவர்களுக்கு அதனால்தான் இதைச் சொல்கிறேன். ஆனால் ஏரி என்ற சொல்லை நம்பி வாவியை நினைத்துவிடாதீர்கள். ஜோர்ஜியன் குடா ஹியூரன் ஏரியின் ஒரு பகுதி. ஹியூரன் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 59,600 சதுர கி.மீ. இலங்கைத் தீவு முழுவதுமே 65,610 சதுர கி.மீ. தான். இது கடல் மாதிரித்தான் நடந்துகொள்ளும்.

1. முதலில் நாளைத் தீர்மானியுங்கள்

ஆகஸ்ட் நடுவில் இருந்து செப்டம்பர் நடு வரைக்கும் போங்கள். தண்ணீர் கோடை முழுக்கச் சூடேறி இருக்கும், நுளம்பு குறைந்திருக்கும், செப்டம்பர் முதல் திங்கள் வரும் தொழிலாளர் தினம் கழிந்தால் இடமும் எளிதாகக் கிடைக்கும். மே, ஜூன் மாதங்களில் வெயிலைப் பார்த்து ஆசைப்படாதீர்கள். வெளியே 25 பாகை இருக்கும்போது தண்ணீர் 10 பாகையில் இருக்கலாம். அந்த மாதங்களில் கறுப்பு ஈ வேறு கடித்துக் காதுக்குப் பின்னால் இரத்தம் வர வைக்கும்.

நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். கனடா தினம், ஆகஸ்ட் முதல் திங்கள், செப்டம்பர் முதல் திங்கள் மூன்றிலும் நெடுஞ்சாலை நெரியும், நீர்வழிகளில் மோட்டார் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும்.

நான்கு நாள் பயணம் என்றால் வேலையில் ஐந்து நாள் விடுப்பு எடுங்கள். அந்த ஐந்தாவது நாள் காற்றுக்கு உரியது. கயாக் வாடகைக்காரரிடமும் ஒரு நாள் பிந்தினால் எவ்வளவு என்று முன்பே கேட்டு வையுங்கள். நாங்கள் இதைச் செய்யவில்லை. அதனாலேயே மூன்றாம் நாள், போகக்கூடாத அலையில் போய்விடலாமா என்று இருவரும் பாறையில் நின்று யோசித்தோம். கையில் ஒரு நாள் மிச்சம் இருந்தால் அந்த யோசனையே வராது.

2. இடத்தைப் பதிவு செய்தல்

ஒன்ராறியோ பூங்காக்களின் முன்பதிவு இணையத்தளத்தில் ஒரு கணக்குத் திறக்க வேண்டும். போய்ச் சேரும் நாளுக்குச் சரியாக ஐந்து மாதம் முன்பு, காலை 7 மணிக்குப் பதிவு திறக்கும். ஆகஸ்ட் 20 போவதாக இருந்தால் மார்ச் 20 காலை 7 மணி. கோடை வார இறுதிக்கான நல்ல இடங்கள் சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆகவே 6.45க்கே உள்நுழைந்து, விரும்பும் மூன்று இடங்களின் எண்களைத் தாளில் எழுதி வைத்திருங்கள். செவ்வாய், புதன் கிளம்பினால் இந்தப் போட்டியே இல்லை.

பெரியவர் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 12 முதல் 15 டொலர் வரை வரும். அதற்கு மேல் பதிவுக் கட்டணம் ஒருமுறை கட்ட வேண்டும். இரத்துச் செய்தாலும் அது திரும்பி வராது, மீதியிலும் கழித்துக்கொண்டுதான் தருவார்கள். ஓர் இடத்தில் ஒன்பது பேருக்கு மேல் தங்க முடியாது. சில இடங்கள் அதைவிடச் சிறியவை, ஒவ்வோர் இடத்தின் விவரத்தையும் திறந்து பாருங்கள்.

நாங்கள் விழுந்த குழி இனித்தான். இணையத்தளத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் படம் இருக்கும். வெளித்தீவுப் படங்கள் மனதை இழுக்கும்: வழவழப்பான இளஞ்சிவப்புப் பாறை, காற்றில் ஒரே பக்கமாக வளைந்த பைன் மரம், அதற்கு அப்பால் எல்லையில்லாத நீலம். அந்த மரம் ஏன் ஒரே பக்கமாக வளைந்திருக்கிறது என்று நான் யோசிக்கவில்லை. மேற்குக் காற்று ஆண்டு முழுக்க அடித்து வளைத்தது அது. நாங்கள் மூன்று இரவையும் அங்கேயே பதிந்தோம்.

இப்போது நான் பதிவது இப்படி. பீட்ஸ் பிளேஸ் என்ற நுழைவிடத்தில் கயாக்கை இறக்கினால் பிளாக்ஸ்டோன் ஹார்பர் என்ற மறைவான நீர்ப்பரப்பு வரும். முதல் இரவு அதற்குள்ளேயே, ஒரு மணி நேரத்துக்குள் சேரக்கூடிய இடத்தில். அடுத்த இரண்டு இரவும் இன்னும் கொஞ்சம் மேற்கே, ஆனால் ஒரு தீவின் கிழக்குப் பக்கத்தில், ஒரே இடத்தில். மூன்றாம் நாள் பொருள்கள் எல்லாவற்றையும் கூடாரத்தில் வைத்துவிட்டு, காற்று விட்டால் மட்டும் வெளியோரத்தில் இருக்கும் ரெக் தீவு வரை வெறுங்கயாக்கில் போய்வரலாம். விடாவிட்டால் மரநிழலில் படுத்திருக்கலாம். அங்கே படுத்திருப்பதும் நல்ல பயணம்தான், உண்மையாகவே சொல்கிறேன்.

த்ரீ லெக்ட் லேக் என்று இன்னொரு நுழைவிடம் இருக்கிறது. அங்கிருந்து உள் ஏரிகளுக்குப் போகும்போது கயாக்கைத் தரையில் தூக்கிச் சுமக்க வேண்டிய இடங்கள் வரும். பொருள் நிரம்பிய கடல் கயாக்கை இரண்டு பேர் தூக்குவதே சிரமம். முதல்முறைக்கு வேண்டாம்.

தீவுகளில் பல தனியார் காணி, கோடை வீடுகள் இருக்கும். ஓய்வெடுக்க வேண்டுமென்றாலும் அவற்றில் ஏறாதீர்கள். பூங்காவின் வரைபடத்தில் எது பூங்கா நிலம் என்று நிறம் பிரித்திருப்பார்கள். போனை மட்டும் நம்பி இருக்காமல் அந்தத் தாள் வரைபடத்தை வாங்கி, நீர்புகாத உறையில் போட்டு, கயாக்கின் முன்தட்டில் கட்டுங்கள். கனடா நீரியல் சேவையின் 2202 ஆம் இலக்க வரைபடம் போர்ட் செவர்னில் இருந்து பாரி சவுண்ட் வரைக்கும் மேடு, பாறை எல்லாம் காட்டும்.

3. கயாக் வாடகைக்கு எடுக்கும்போது

நாங்கள் முதலில் எடுத்தது மூன்று மீற்றர் நீளமான குட்டைக் கயாக். குளத்தில் அரை மணி நேரம் சுற்றச் செய்தது அது. உள்ளே தடுப்பே இல்லை. கவிழ்ந்தால் முனையில் இருந்து முனை வரை தண்ணீர் நிரம்பும், பிறகு அதில் ஏறவே முடியாது. கடைக்காரர் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை.

நீங்கள் கேட்க வேண்டியது கடல் கயாக். நான்கரை மீற்றர் அளவில் நீளம், முன்னும் பின்னும் நீர் புகாத தனி அறை, அவற்றுக்கு இறுக்கமான மூடி, வெளியே சுற்றிவரப் பிடிகயிறு. இருக்கை வாயை மூடும் துணிப்பாவாடையையும் சேர்த்துக் கேளுங்கள். மூடிகளைக் கடையிலேயே திறந்து மூடிப் பாருங்கள். றப்பர் வெடித்திருந்தால் வேறு கேளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்பே ஒரு நாள் வகுப்புக்குப் போங்கள். பேடில் கனடா அமைப்பின் அடிப்படை வகுப்பு நடத்துகிறவர்கள் ரொறன்ரோவைச் சுற்றி இருக்கிறார்கள். அங்கே படிக்க வேண்டியது இரண்டே விஷயம்: கவிழ்ந்தால் தலைகீழாக இருந்துகொண்டு துணிப்பாவாடையை இழுத்து வெளியே வருவது, பிறகு கூட்டாளியின் உதவியோடு மறுபடி ஏறுவது. நீச்சல் தெரிந்தவர் என்பதால் இது தானாக வராது. எனக்கு மூன்றாவது தடவைதான் பதற்றமில்லாமல் வந்தது.

4. சட்டப்படி கயாக்கில் இருக்க வேண்டியவை

மோட்டார் படகுக்குத் தேவையான ஓட்டுநர் அட்டை கயாக்குக்குத் தேவையில்லை. ஆனால் கனடாப் போக்குவரத்துத் துறையின் விதிப்படி ஒவ்வொரு கயாக்கிலும் சில பொருள்கள் இருந்தே ஆக வேண்டும். ஆளுக்கு அளவான மிதவை அங்கி ஒன்று, குறைந்தது 15 மீற்றர் நீளமான மிதக்கும் எறிகயிறு, தண்ணீர் இறைக்கும் பம்பு அல்லது வாளி, விசில். பொழுதுபட்ட பிறகோ பனிமூட்டத்திலோ இருந்தால் விளக்கும் வேண்டும். நீர்ப் பொலிஸ் நிறுத்திப் பார்க்கலாம், இல்லாவிட்டால் தண்டம். வாடகைக் கடைகள் இவற்றை ஒரு சிறு பொதியாகத் தருவார்கள். திறந்து எண்ணிப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

மிதவை அங்கியைப் படகில் வைத்திருந்தால் சட்டத்துக்குப் போதும். உயிருக்குப் போதாது. உடுத்தி, வாரை இறுக்கி, நண்பரைத் தோள்பட்டையில் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரைக்கும் ஏறினால் அளவு பெரிது.

குளிர்ந்த நீரில் விழுந்தவர்களுக்கு இங்கே ஒரு கணக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்: ஒன்று, பத்து, ஒன்று. மூச்சிரைப்பை அடக்க ஒரு நிமிடம், கைகால் சொன்னபடி கேட்கும் நேரம் பத்து நிமிடம், உடல் சூடு இழந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். நடுவில் உள்ள பத்து நிமிடத்துக்குள் கயாக்கில் ஏறியாக வேண்டும்.

5. தாள்கள், காப்புறுதி, செலவு

முன்பதிவு உறுதிச்சீட்டை அச்சடித்து இரண்டு பிரதி: ஒன்று வண்டியில், ஒன்று கையில். புகைப்படம் உள்ள அடையாள அட்டை, சுகாதார அட்டை இரண்டையும் நீர்புகாத உறையில் வையுங்கள். மீன் பிடிக்க நினைத்தால், 18 முதல் 64 வயது வரையானவர்களுக்கு வெளிப்புற அட்டையும் (Outdoors Card) மீன்பிடி அனுமதியும் வேண்டும். தூண்டில் சும்மா ஒரு தடவை போட்டுப் பார்த்தாலும் இதே சட்டம்தான்.

வெளிநாட்டு மாணவர்களையும் ஊரில் இருந்து வந்திருக்கும் அம்மா அப்பாவையும் அழைத்துப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். அவர்களுக்கு ஒன்ராறியோ அரச மருத்துவக் காப்பு இல்லை. பெற்றோர் நீண்ட நாள் வந்து தங்குவதற்கான சுப்பர் விசாவில் வந்தவர்களிடம் குறைந்தது ஒரு லட்சம் டொலருக்கு மருத்துவக் காப்புறுதி இருக்கும். ஆனால் நீர் விளையாட்டையும் தொலைவிடத்தில் இருந்து மீட்கும் செலவையும் அது ஏற்குமா என்று காப்புறுதிக்காரரிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். போனில் 'ஓம்' என்று சொன்னது பிறகு உதவாது.

மச்சானும் நானும் கடைசியாகப் போனபோது, மூன்று இரவு நான்கு பகலுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன செலவு: பூங்கா 90 டொலர், இரண்டு கடல் கயாக் வரியோடு 540, பெற்றோல் 60, சாப்பாடு 70, செய்மதி வழியாகச் செய்தி அனுப்பும் கருவி வாடகை 40. மொத்தம் 800. கூடாரமும் படுக்கைப் பைகளும் கடன் வாங்கியவை. முதல்முறையே எல்லாவற்றையும் கடையில் வாங்கினால் இதைப்போல இரண்டு மடங்கு ஆகிவிடும். கேட்டுப் பாருங்கள், யாரோ ஒருவர் வீட்டு நிலவறையில் கூடாரம் சும்மா கிடக்கும்.

6. காற்று

எல்லாவற்றையும் விட இதற்குத்தான் அதிக நேரம் செலவழியுங்கள். ஊரில் மீனவர்கள் வாடை, சோளகம், கச்சான் என்று பெயர் சொல்லிக் காற்றைப் பழகியிருக்கிறார்கள். இங்கே உங்களைத் தடுத்து நிறுத்தப்போவது பெரும்பாலும் கச்சான் பக்கத்துக் காற்று, மேற்கிலிருந்து வருவது. அதற்கும் உங்களுக்கும் நடுவில் பல பத்துக் கிலோமீற்றர் திறந்த தண்ணீர் இருக்கிறது, அலை வளர அது தாராளமாகப் போதும்.

தொலைபேசியில் இருக்கும் சாதாரண வானிலைச் செயலியைப் பார்க்காதீர்கள், அது பாரி சவுண்ட் ஊருக்குள் உள்ள காற்றைச் சொல்லும். கனடாச் சுற்றுச்சூழல் துறை கப்பல், படகுகளுக்கென்று வெளியிடும் முன்னறிவிப்பில் ஜோர்ஜியன் குடா என்று தனிப்பகுதி உண்டு. காற்றின் வேகம் நொட் கணக்கில் இருக்கும். ஒரு நொட் மணிக்கு 1.85 கி.மீ. 20 நொட்டைத் தாண்டும் என்றால் பலத்த காற்று எச்சரிக்கை விடுப்பார்கள். அதுவரை காத்திருக்க வேண்டாம். புதியவர்களுக்கு நான் சொல்லும் எல்லை, திறந்த நீரில் 10 நொட். தீவுகளின் மறைவில் 15. அதற்கு மேல் என்றால் அடுப்பை மூட்டித் தேநீர் வையுங்கள்.

கோடையில் காலை பெரும்பாலும் அமைதியாக இருக்கும். பத்துப் பதினொரு மணிக்குக் காற்று எழும்பும், பின்னேரம் உச்சம், பொழுதுபட அடங்கும். எனவே 5 மணிக்கு எழுந்து, 6 மணிக்குத் தண்ணீரில் இறங்கி, 11 மணிக்குள் கரையேறுங்கள். காலைச் சாப்பாட்டை முதல் நாள் இரவே ஆயத்தப்படுத்துங்கள். பொருள் ஏற்றிய கயாக்கில் புதியவர் மணிக்கு மூன்று, நான்கு கி.மீ. போவார். ஆகவே ஒரு நாளைக்குப் பத்துக் கி.மீ. நிறைய. வரைபடத்தில் இரண்டு விரல் அகலம்தானே என்று 25 கி.மீ. போடாதீர்கள்.

தண்ணீரைப் பார்த்தே கொஞ்சம் சொல்லலாம். கண்ணாடி போல் இருந்த நீரில் தூரத்தில் கருநீலக் கோடு ஒன்று தெரிந்தால், அது உங்களை நோக்கி வரும் காற்று. அங்கங்கே வெள்ளை நுரை தெறித்தால் கரைக்குத் திரும்புங்கள். அலை முன்னால் இருந்து வரும்போது பயமாக இருக்கும், ஆனால் சமாளிக்கலாம். பின்னால் இருந்தும் பக்கத்தில் இருந்தும் வரும் அலைதான் புதியவர்களைக் கவிழ்ப்பது. போகும்போது காற்று முதுகைத் தள்ளுகிறது என்றால், அதே காற்றை எதிர்த்துத் துடுப்பு வலித்துத் திரும்ப வேண்டும் என்பதையும் கணக்கில் எடுங்கள்.

இடி கேட்டால் உடனே கரையேறி, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே இறங்குங்கள்.

7. சாப்பாடும் கரடியும்

ரின், போத்தல் வேண்டாம். குப்பை முழுவதையும் திருப்பிக் கொண்டுவர வேண்டும். பாரமில்லாத, பழுதாகாத நம்முடைய சாப்பாடே கயாக்குக்குப் பொருத்தம். பருத்தித்துறை வடை நான்கு நாளும் மொறுமொறுப்புக் குறையாமல் இருக்கும். வறுத்த மா, உப்பு, தேங்காய்த்துருவல் தூள் சேர்த்து வீட்டிலேயே பைகளில் கட்டிப் போனால், சுடுதண்ணீர் ஊற்றிக் குழைத்துச் சின்னத் தாச்சியில் றொட்டி சுடலாம். பயறும் சிவப்பரிசியும் வேக நேரமாகும், எரிவாயு தீரும். சீக்கிரம் வேகும் மைசூர்ப் பருப்பும் வெள்ளையரிசியும் எடுங்கள்.

கருவாடும் மாசியும் வீட்டில் இருக்கட்டும். அந்த வாசனைக்குக் கறுப்புக் கரடி எவ்வளவு தூரத்தில் இருந்தும் வரும். சாப்பாடு, பற்பசை, சவர்க்காரம், குப்பை எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்தில் இருந்து தள்ளி மரக்கொம்பில் உயரத் தொங்கவிடுங்கள், அல்லது இறுகப் பூட்டும் பீப்பாய் வாடகைக்கு எடுங்கள். ஆனால் கரடிக்கு முந்தி வந்து சேர்வது அநேகமாக ரக்கூன் என்ற சிறு விலங்குதான். அதன் கை பையின் ஜிப்பைத் திறக்கும்.

குடிநீரை வடிகட்டியில் வடியுங்கள், அல்லது கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் கொதிக்க விடுங்கள். விறகை வீட்டில் இருந்து கொண்டுபோகாதீர்கள், மரப்பூச்சி பரவும். வறண்ட கோடையில் திறந்த நெருப்புக்குத் தடை வரும். எரிவாயு அடுப்பு இருந்தால் அந்தத் தடையிலும் சமைக்கலாம், அதனால் அடுப்பில்லாமல் போகவே வேண்டாம்.

8. பாம்பு

பூங்காவின் பெயரே அந்தப் பாம்புடையது. மசசோகா கிலுகிலுப்பைப் பாம்பு, ஒன்ராறியோவில் உள்ள ஒரே நச்சுப்பாம்பு. அரை மீற்றர் அளவு, தடித்த உடல், வாலில் கிலுக்கு. வண்டு ரீங்கரிப்பது போலச் சத்தம் கேட்டால் அசையாமல் நின்று, எங்கே என்று பார்த்து, மெல்லப் பின்வாங்குங்கள். பாதுகாக்கப்பட்ட இனம், அடிப்பது குற்றம். கடியால் இந்த மாகாணத்தில் இறந்தவர்கள் இரண்டே பேர்தான், அதுவும் பல பத்தாண்டுகளுக்கு முன்பு. சப்பாத்து இல்லாமல் இருட்டில் நடக்காதீர்கள், விறகுக் குவியலுக்குள் பார்க்காமல் கையை விடாதீர்கள். கடித்தால் வெட்டவோ உறிஞ்சவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம். கடிபட்டவரை அமைதியாக வைத்து, உதவி அழையுங்கள். மாற்று மருந்து பாரி சவுண்ட் வைத்தியசாலையில் இருக்கிறது.

9. வீட்டில் விட்டுப்போக வேண்டிய தாள்

போன் சைகை அங்கங்கே போய்விடும். கிளம்புவதற்கு முதல் நாள் ஒரு தாளில் எழுதி, பொறுப்பான ஒருவரிடம் கொடுங்கள்: யார் யார் போகிறார்கள், கயாக்கின் நிறம், வண்டி எண், எங்கே நிறுத்தியிருக்கிறீர்கள், ஒவ்வோர் இரவும் எந்த எண் இடம், எந்த நாள் எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். அதற்குக் கீழே பெரிய எழுத்தில்: 'இந்த நேரம் வரை அழைப்பு வராவிட்டால் ஒன்ராறியோ மாகாணப் பொலிசை அழைக்கவும்.' அந்த நேரத்தை நீங்கள் திரும்ப நினைக்கும் நேரத்துக்கு அல்ல, காற்றுக்கான மேலதிக நாள் முடியும் நேரத்துக்குப் போடுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் மரநிழலில் படுத்திருக்கும்போது உங்களைத் தேடி மீட்புப் படகு வரும்.

செய்மதிக் கருவி ஒன்றை வாடகைக்கு எடுத்து, தினமும் மாலை 'சேமமாக இருக்கிறோம்' என்று ஒரு செய்தி அனுப்புங்கள். கடல் வானொலி வாங்க நினைத்தால், பேசுவதற்குத் தனிச் சான்றிதழ் எடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

10. திரும்பும் நாள்

கடைசி இரவு நான் சொன்னபடி தீவின் கிழக்குப் பக்கத்தில் தங்கியிருந்தால், முன்பு சொன்ன எல்லைக்குள் இருக்கும் காற்றில் கரையைத் தொட்டுத் தொட்டு வந்துவிடலாம். இடத்தைப் பிற்பகல் 2 மணிக்குள் காலி செய்ய வேண்டும், ஆனால் 9 மணிக்கே கரையேறினால் பகல் நெரிசலுக்கு முன் நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம்.

கயாக்கை வண்டியில் ஏற்றும் முன் கவிழ்த்துத் தண்ணீரை வடித்து, ஒட்டியிருக்கும் பாசி, செடி எல்லாவற்றையும் கையால் துடையுங்கள். 2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் இது சட்டம், ஒரு நீர்நிலையின் செடியோ சிப்பியோ இன்னொன்றுக்குப் போகக்கூடாது. அறைகளைத் திறந்து ஒரு தடவை கையை விட்டுப் பாருங்கள். நான் வாடகைக் கயாக்கின் பின்னறையில் ஒரு சோடி ஈரச் சப்பாத்தை விட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

இதெல்லாம் முடியும் வரை காத்திருக்காமல், கால் கரையில் பட்டு, போனில் சைகை வந்தவுடன், அந்தத் தாளை வைத்திருப்பவரை அழைத்து 'வந்துவிட்டோம்' என்று சொல்லுங்கள்.